சுங்கை சிப்புட் அக்கா கடை: கறிபாப், தே தாரிக், ஞாயிற்றுக்கிழமை வேட்பாளர் பேச்சு

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு மேல் போனால் கறிபாப் (கிழங்கு அடைத்துப் பொரித்த பலகாரம்) கிடைக்காது. மற்றதெல்லாம் பத்து மணிவரை இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் எனக்கு நல்லது. என் பேச்சை நம்பி ஈப்போவிலிருந்து கிளம்பிய என் நாத்தனார் ஒன்பது மணிக்கு வந்து காலித் தட்டைப் பார்த்தார். இன்றுவரை சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறார்.

கடை மலேசியாவின் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், பழைய கடைவீட்டு வரிசையின் ஓரத்தில் இருக்கிறது. பெயர்ப்பலகை ஒரு காலத்தில் இருந்தது. எழுத்தெல்லாம் வெயிலில் வெளுத்து, இப்போது தகரச் சட்டம் மட்டும் தொங்குகிறது. யாரைக் கேட்டாலும் 'அக்கா கடை' என்றுதான் கைகாட்டுவார்கள். அறுபதைத் தாண்டிய அந்த அம்மாவை, எழுபது வயது லோரி அண்ணனும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். நான் பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறேன். பதினெட்டு வருடமாக இந்தக் கடைப் பசியாறல்தான். ஆனால் அதில் பதினைந்து வருடம் வாசலில் நின்று தாப்பாவ் பொட்டலம் வாங்கிக்கொண்டு போனதோடு சரி. உள்ளே போய் உட்கார ஆரம்பித்தது கடைசி மூன்று வருடமாகத்தான். அந்த மூன்று வருடத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சாப்பாட்டை முதலில் முடித்துவிடுகிறேன். தோசை நல்ல தோசை. மாவு அளவாகப் புளித்திருக்கும். ஓரம் முறுகல், நடுவில் மெத்து. சாம்பாரில் முருங்கைக்காய் விழுந்த நாள் நம் யோகம், விழாத நாளில் அது பருப்புத் தண்ணீர். இட்லியைப் பற்றி நான் பேச விரும்பவில்லை. வாழையிலையில் மடித்த நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) இரண்டு வெள்ளி, அதாவது ரிங்கிட். சம்பலில் இனிப்பு தூக்கலாக இருப்பது எனக்குப் பிடிக்காது, என் வீட்டுக்காரருக்கு அதுதான் பிடிக்கும். தே தாரிக் என்னும் நுரைப் பால் தேநீரை ஆற்றுவது அக்காவின் மகன். பையன் பேசவே மாட்டான், ஆனால் கை பேசும். இரண்டு விரல் உயரத்துக்கு நுரை நிற்கும். அந்த நுரைக்கு இந்தக் கடையில் வேறொரு வேலையும் உண்டு, அதற்கு அப்புறம் வருகிறேன்.

கறிபாப் ஒன்று 1 வெள்ளி 20 காசு. உள்ளே உருளைக்கிழங்கு குழையாமல் சதுரம் சதுரமாகத் தெரியும். கறித்தூள் வாசம் மேலே வராமல் உள்ளுக்குள்ளேயே இருக்கும். விளிம்பை முறுக்கி மடித்திருக்கும் விதத்தைப் பார்த்தால், கையால் போட்ட ஓரத் தையல் மாதிரி ஒரே சீராக இருக்கும். தொழில்காரி என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கைக்கு நூலும் ஊசியும் கொடுத்தால் எனக்குப் பிழைப்பு போய்விடும்.

குறைகளும் இருக்கின்றன. காற்றாடி இரண்டு, ஒன்று காற்றுக்கு, இன்னொன்று சத்தத்துக்கு. கழிவறைக்குப் போக வேண்டுமானால் வீட்டிலேயே போய்விட்டு வாருங்கள். எல்லாவற்றையும் விடப் பெரிய குறை கணக்கு. அக்கா எதையும் எழுதி வைப்பதில்லை. நாம் எழுந்ததும் மேசையை ஒரு பார்வை, முகத்தை ஒரு பார்வை, பிறகு ஒரு தொகை சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்தவர் தின்ற வடை நம் தலையில் விழுவது சகஜம். கேட்டால், "அடுத்த வாட்டி கழிச்சுக்கலாம்மா" என்பார். பதினெட்டு வருடத்தில் ஒரு தடவையும் கழித்ததில்லை. அரை அங்குலம் பிசகினால் ரவிக்கைத் துணியே வீணாகிவிடும் தொழிலில் இருப்பவள் நான், எனக்கு இது தாங்காது.

சரி, அந்த மேசைக்கு வருகிறேன். சுவரோரம் இரண்டு பழைய பளிங்கு மேசைகளைச் சேர்த்துப் போட்டிருப்பார்கள். ஞாயிறு ஏழரைக்கெல்லாம் ஆள் சேர ஆரம்பிக்கும். பக்கத்துத் தாமான் (குடியிருப்பு) காரர்கள், இன்னும் தோட்டத்திலேயே மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு குடும்பத்தார், பிள்ளையைப் பார்க்க ஊருக்கு வந்தவர்கள் என்று பத்திலிருந்து பதினைந்து பேர். ஒரே பேச்சுதான்: அடுத்த பொதுத்தேர்தலில் இங்கே யாரை நிறுத்தினால் நல்லது? கட்சிகள் பெயர் சொல்லட்டும், பிறகு பேசலாம் என்று இவர்கள் காத்திருப்பதில்லை. இப்போதைய நாடாளுமன்றம் முதலில் கூடியது 2022 டிசம்பர் 19-இல். ஐந்தாண்டுக் கணக்குப் போட்டால் 2028 தொடக்கத்துக்குள் தேர்தல் வந்தாக வேண்டும். "பேரு வந்தப்புறம் பேசி என்னா பண்றது? அப்ப கைதட்டத்தான் முடியும்" என்பார் லோரி அண்ணன். கட்சி மேலிடம் கையெழுத்துப் போட்ட கடிதம் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் சின்னத்துக்குச் சொந்தக்காரர். வேட்புமனு நாளுக்கு முந்தின ராத்திரி பெயர் மாறிய கதைகள் இந்த மேசையில் நிறைய உண்டு.

இந்த ஊர் சும்மா ஊர் இல்லை. ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவராக இருந்த துன் சம்பந்தனின் தொகுதி. அவருக்கு அடுத்து 1974 முதல் 2008 வரை அதே கட்சியின் சாமிவேலு. 34 வருடம். நான் ஆறு வயதில் பார்த்த அதே சுவரொட்டி முகத்தை நாற்பது வயதிலும் பார்த்தேன். 2008-இல் டாக்டர் ஜெயக்குமார் 1,821 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த எண்ணை இந்த ஊரில் சிலர் வீட்டு நம்பர் மாதிரி இன்னும் ஒப்பிப்பார்கள். 2013-இல் மீண்டும் அவரே. 2018-இல் அவர் தன் கட்சியான பிஎஸ்எம்மின் (மலேசிய சோசலிசக் கட்சி) சொந்தச் சின்னத்தில் நின்றார், எட்டில் ஒரு பங்கு வாக்குகூட வராமல் வைப்புத்தொகை போனது. பிகேஆரின் (மக்கள் நீதிக் கட்சி) கேசவன் ஜெயித்தார். 2022-இல் ம.இ.கா. தலைவர் விக்னேஸ்வரனே வந்து நின்றும் கேசவன் தக்கவைத்துக்கொண்டார். இத்தனை திருப்பம் பார்த்த ஊரில் மூன்று கட்சிக்கும் உயிரைக் கொடுக்கிற ஆள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார். எங்கள் வீட்டிலேயே என் அண்ணனும் என் வீட்டுக்காரரும் 2018-இலிருந்து இரண்டு தீபாவளி பேசிக்கொள்ளவில்லை.

மேசையும் அப்படித்தான் இருந்தது. 2022 நவம்பரில், வாக்களிப்புக்கு முந்தின ஞாயிறு. வாத்தியார் ஒரு பக்கம், பிகேஆர் கிளைத் தம்பி ஒரு பக்கம். (வாத்தியார் ஓய்வுபெற்றுப் பல வருடமாகிறது, ம.இ.கா. அட்டையைப் பணப்பையில் சாமி படத்தோடு வைத்திருப்பவர்.) குரல் ஏறி ஏறி, கடைசியில் ஒரு கண்ணாடி டம்ளர் கீழே விழுந்து உடைந்தது. யார் கை பட்டது என்பதில் இன்னும் இரண்டு கட்சி உண்டு. அக்கா உள்ளேயிருந்து துடைப்பத்தோடு வந்தார். பெருக்கவில்லை. துடைப்பத்தை வாத்தியார் கையில் கொடுத்தார், முறத்தைத் தம்பி கையில் கொடுத்தார். "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து அள்ளுங்க. அள்ளி முடிச்சா தேத்தண்ணி தரேன்." நான் வாசலில் பொட்டலத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "நீ ஏம்மா நிக்கிற, உள்ள வந்து உக்காரு. இவங்க நடுவுல ஒரு பொம்பள இருந்தா கொஞ்சம் அடங்குவாங்க" என்றார். அன்றைக்கு உட்கார்ந்ததுதான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பெண்கள் வருகிறோம். ஆண்கள் அடங்கினார்களா என்று கேட்காதீர்கள்.

அதற்குப் பிறகுதான் அக்கா சட்டம் போட்டார். தே தாரிக் முன்னால் வந்ததும் ஒருவர் பேசலாம், நுரை அடங்கும்வரை அவருடைய நேரம். யாரும் குறுக்கே பேசக்கூடாது. நுரை அடங்கினால் வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணீரைக் குடிக்க வேண்டும். குரலை உயர்த்தினால் அன்றைய மேசைக் கணக்கு அவருடையது. கைப்பேசியைக் கவிழ்த்து வைக்க வேண்டும், யாரோ அனுப்பிய காணொளியை அடுத்தவர் மூக்குக்கு நேரே நீட்டும் பழக்கம் அதோடு நின்றது. சாதிப் பேச்சு எடுத்தால் எழுந்து போக வேண்டியதுதான். ஒருத்தர் போயும் இருக்கிறார், ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்து தோசை மட்டும் சாப்பிட்டார். நீளமாகப் பேச ஆசைப்படுபவர்கள், "தம்பி, இன்னும் ரெண்டு இழுப்பு இழுத்து ஆத்து" என்று அக்கா மகனிடம் கிசுகிசுப்பதை நானே கேட்டிருக்கிறேன். வாத்தியார் அதில் கெட்டிக்காரர்.

எங்கள் அப்பா இதைப் பார்த்திருந்தால் பயந்திருப்பார். அவர் சிறுவயதில் எல்பில் ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தவர். 1948 ஜூன் 16 காலையில் எல்பில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையை அலுவலகத்திலேயே கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அதே காலையில் இன்னொரு தோட்டத்தில் இரண்டு பேர். அதை வைத்துத்தான் அவசரகாலம் வந்தது, 1960 வரை நீண்டது. நாலு ஆண்கள் கூடி நின்று பேசினாலே கேள்வி வரும் காலம் அது. அந்தப் பயம் அப்பாவுக்குக் கடைசிவரை போகவில்லை. பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்தால் நேராக மரத்துக்கு, ரப்பர் பாலை எடை போட்டுவிட்டால் நேராக வீட்டுக்கு. யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. எனக்கு அரசியல் பேச வராமல் போனதற்கு அவரைக் குறை சொல்வேன், என் அண்ணனுக்கு அளவுக்கு மேல் வந்ததற்கு யாரைச் சொல்வதென்று தெரியவில்லை.

போன மாதம் என் அக்கா மகளை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். நியூயார்க்கில் இரண்டு வருடம் படித்துவிட்டு வந்தவள். மேசைப் பேச்சைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "சித்தி, இவங்க பிரைமரி நடத்துறாங்க" என்றாள். அமெரிக்காவில் கட்சி சார்பாக யார் நிற்பது என்பதையே வாக்குப் போட்டுத்தான் முடிவு செய்வார்களாம். அதற்குப் பிரைமரி என்று பெயர். ஐயோவா மாநிலத்தில் அக்கம்பக்கத்தார் பள்ளிக்கூடத்திலும் மண்டபத்திலும் நேரில் கூடிப் பேசித் தீர்மானிக்கும் வழக்கமும் உண்டு. 2020 வரை ஜனநாயகக் கட்சிக் கூட்டங்களில் ஒரு வேட்பாளர் பக்கம் போதுமான ஆள் சேராவிட்டால், அவர்கள் இன்னொருவர் பக்கம் நகர முடிந்தது. 2020-இல் முடிவைச் சேகரிக்கப் புதிதாகக் கொண்டுவந்த செயலி சொதப்பி, யார் ஜெயித்தது என்று தெரியாமல் நாள்கணக்கில் நாடே காத்திருந்தது. "நம்ம அக்கா கணக்கு மாதிரின்னு சொல்லு" என்றார் லோரி அண்ணன். அக்கா காதில் விழுந்தும் விழாத மாதிரி இருந்தார்.

பிகேஆர் தம்பிக்கு ரோஷம். 2010-லேயே எங்கள் கட்சியில் உறுப்பினர்கள் நேரடியாக வாக்களித்தோமே என்றான். அது கட்சிப் பதவிக்கு, தொகுதி வேட்பாளருக்கு இல்லையே என்றார் வாத்தியார். நுரை இன்னும் இருந்ததால் தம்பியால் பதில் சொல்ல முடியவில்லை.

பிறகு அவள் சொன்னதுதான் மேசையைக் கட்டிப்போட்டது. நியூயார்க் மேயர் பதவிக்கு 2025 ஜூனில் நடந்த ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில், வாக்குச்சீட்டில் ஒருவரை மட்டும் குறிக்க வேண்டியதில்லை. முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று ஐந்து பேர்வரை வரிசை போடலாம். யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருக்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பத்துக்கு வாக்கை மாற்றுவார்கள். அதனால் ஸோரான் மம்தானியும் பிராட் லேண்டரும் எதிரெதிரே நின்றுகொண்டே, 'எனக்கு முதலிடம் கொடுங்கள், இரண்டாமிடம் அவருக்குக் கொடுங்கள்' என்று ஒருவருக்காக ஒருவர் வாக்குக் கேட்டார்கள். மூன்றாம் சுற்று எண்ணிக்கையில் முன்னாள் ஆளுநர் குவோமோவை மம்தானி 56 விழுக்காடு பெற்றுத் தோற்கடித்தார். நவம்பரில் மேயர் தேர்தலையும் வென்றார்.

"எதிரிக்கு ஓட்டு கேக்குறதா? என்னா லா இது" என்றார் லோரி அண்ணன்.

செய்து பார்த்தால்தான் இவர்களுக்குப் புரியும் என்று என் அளவுப் புத்தகத்திலிருந்து பதினைந்து தாள் கிழித்துக் கொடுத்தேன். நிஜ வேட்பாளரை வைத்துச் செய்தால் மறுபடியும் துடைப்பம் வரும். அதனால் கடையின் பலகாரங்களை நிறுத்தினோம்: பருப்பு வடை, உளுந்து வடை, கறிபாப், பீசாங் கோரேங் (வாழைப்பழப் பொரியல்), ரொட்டி பக்கார் (சுட்ட ரொட்டி). நுரைக் கணக்கில் பிரசாரம் நடந்தது. லோரி அண்ணன் பருப்பு வடைக்காகப் பேசினார். நன்றாகத்தான் ஆரம்பித்தார், மொறுமொறுப்பு, சோம்பு வாசம், லோரியில் வைத்தால் ஜொகூர் போகும்வரை கெடாது என்று. நுரை மிச்சமிருந்ததால் வாய் சும்மா இருக்கவில்லை. "உளுந்து வடையெல்லாம் ஒரு வடையா? நடுவுல ஓட்ட. கண்ணுல வெச்சுப் பார்த்தா அந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டு தெரியும்." எல்லாரும் சிரித்தோம். நானும்தான், உளுந்து வடைக்காரி.

முதல் எண்ணிக்கை: பருப்பு வடை 5, கறிபாப் 4, உளுந்து வடை 3, பீசாங் கோரேங் 2, ரொட்டி பக்கார் 1. லோரி அண்ணன் மேசையைத் தட்டினார். எட்டு வந்தால்தான் வெற்றி என்று என் அக்கா மகள் அடக்கினாள். ரொட்டி பக்கார் வெளியே, அந்த ஒரு வாக்கு கறிபாப்புக்கு. பீசாங் கோரேங் வெளியே, அதில் ஒன்று கறிபாப்புக்கு, ஒன்று உளுந்து வடைக்கு. இப்போது கறிபாப் 6, பருப்பு வடை 5, உளுந்து வடை 4. அடுத்து வெளியேறியது உளுந்து வடை. வடைக்காரன் வாக்கு வடைக்குத்தானே வரும் என்று லோரி அண்ணன் கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு தாளையும் திருப்பினாள். மூன்றில் இரண்டாம் இடம் கறிபாப். கறிபாப் 9, பருப்பு வடை 6.

"யாரு அந்த மூணு பேரு?" என்று கேட்டார். இரகசிய வாக்கு என்றேன். அவர் என்னையே பார்த்தார். நான் தே தாரிக்கைப் பார்த்தேன்.

இதில் ஒரு கூத்து உண்டு. கறிபாப் அக்கா செய்வதே இல்லை. பக்கத்துக் கம்போங்கிலிருந்து (மலாய்க் கிராமம்) ஒரு மக்சிக், அதாவது மலாய்க்கார அம்மா, விடியற்காலை மோட்டாரில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவது. "பார்த்தீங்களா, நம்ம ஊருல எப்பவும் வெளியிலேருந்து எறக்குனதுதான் ஜெயிக்கும்" என்று வாத்தியார் சொன்னதும் கடையே அதிர்ந்தது. அவர் கட்சித் தலைவரையே வெளியிலிருந்து கொண்டுவந்து நிறுத்தித் தோற்றது அவருக்கு நினைவில்லாமல் இல்லை, அதனால்தான் முதலில் அவரே சிரித்தார்.

அடுத்த வாரம் நிஜப் பேச்சுக்கு இதே முறையைக் கொண்டுவந்தோம். ஒரு பெயர் போதாது, இரண்டாவதும் சொல்ல வேண்டும், அது உங்கள் கட்சியாக இருக்கக் கூடாது. வாத்தியார் முதல் பெயரைக் கண்ணிமைக்கும் நேரத்தில் சொன்னார். இரண்டாவதற்கு நுரை முழுக்க அடங்கியது. தேத்தண்ணீரில் ஆடை படிய ஆரம்பித்த பிறகு, எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் பெயரைச் சொன்னார். தன்னுடைய பழைய மாணவர் ஒருவருக்கு அடையாள அட்டை எடுக்கப் பலமுறை பதிவிலாகாவுக்கு அலைந்தவர் அவர் என்றார். "என் வாயாலயே சொல்ல வேண்டியதாப் போச்சே" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். தம்பி ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் வாத்தியாருக்கு இன்னொரு தே தாரிக் சொல்லிவிட்டு வந்தான். நுரை நிறைய.

எல்லா வாரமும் இப்படி நடக்கும் என்று நினைத்து வராதீர்கள். பாதி ஞாயிறு வாய்க்கால் அடைப்பு, சம்பளம் பிடிப்பு, பிள்ளைகள் சிங்கப்பூர் போனது என்று ஓடிவிடும். பந்து விளையாட்டுப் பெரிய திரையில் வேண்டுமானால் ஊரில் வேறு உணவகங்கள் இருக்கின்றன, குளிர்சாதனமும் உண்டு, நல்ல கழிவறையும் உண்டு. அங்கே பக்கத்து மேசைக்காரரிடம் நேரம் கேட்கக்கூட எனக்குத் தோன்றியதில்லை. அக்கா கடைக்கு ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். தோசைக்கு நாலரை, கறிபாப்புக்கு முழு ஐந்து, அது அக்காவின் புள்ளி இல்லை என்றாலும். கணக்குக்கு ஒன்று, அதுவும் வயதுக்கு மரியாதை. ஏழே முக்காலுக்குப் போனால் சுவரோரம் இடம் கிடைக்கும்.

போன ஞாயிறு நான் போனபோது லோரி அண்ணன் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். மேசை நடுவில் ஒரு தட்டு நிறைய உளுந்து வடை. "சாப்புடும்மா. நல்லாத்தான் இருக்கு, ஓட்டையில சட்னி நிக்குது" என்றார். நானும் சந்தோஷமாக இரண்டு சாப்பிட்டேன். எழுந்து போகும்போது அக்கா மேசையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், தொகை சொன்னார். தட்டு முழுவதும் என் கணக்கில்.